சனி டோல்கேட்டுக்குத் தமிழ் வசனம்

பிப்ரவரி 6, திங்கள்

இன்று முதல் நான் ஒரு தகர டப்பாவுக்கு வசனம் எழுதுகிறேன்.

சனிக் கிரகத்தின் வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுங்கச்சாவடி. போகிற வருகிற விண்கலங்களை எல்லாம் நிறுத்திச் சோதனை போடுகிறார்கள். அங்கே வேலை பார்ப்பது மூன்று பேர். பம்பரம் மாதிரித் தலை உள்ள அதிகாரி, எட்டுக் கை முளைத்த நத்தை ஒருத்தி, துருப்பிடித்த ரோபோ ஒன்று. இதுதான் கதை. அமெரிக்காவில் பெரிய படிப்புப் படித்த பலர் கூடி உட்கார்ந்து இந்தக் கார்ட்டூனை எடுத்திருக்கிறார்கள். பதிமூன்று பாகம். குழந்தைகளுக்கு இல்லையாம், பெரியவர்களுக்காம்.

தமிழில் 'சனி டோல்கேட்' என்று பெயர் வைத்தவள் மெர்லின். டப்பிங்குக்கு அவள்தான் டைரக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். "சனின்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஏழரை ஞாபகம் வந்து சிரிச்சிடுவாங்க சார்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் பாகத்தைப் போட்டுக் காட்டினாள். இதில் எதுவுமே இவர்களுடைய சொந்தச் சரக்கு இல்லை. அதிகாரி கதவைத் திறந்தால், அது ஏதோ ஒரு பழைய படத்தில் யாரோ கதவைத் திறந்த மாதிரி. நத்தை தும்மினால், அந்த ஊரில் ஒரு காலத்தில் செய்தி வாசித்தவர் தும்மிய மாதிரி. அதைக் கண்டுபிடித்து அந்த ஊர்க்காரன் சிரிக்க வேண்டும். சொந்தமாக ஒரு தும்மல்கூடப் போடத் தெரியாத கூட்டம்.

என் வேலை, அந்த ஊர்த் தும்மலை எடுத்துவிட்டு நம் ஊர்த் தும்மலை வைப்பது. முப்பது வருடம் சினிமாவுக்கு எழுதியவன் இப்போது இதற்கு வந்து நிற்கிறேன்.

கீழ்க் கடைவாய்ப் பல் குடைகிறது. வடிவு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. கிராம்பை எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, புதன்

இரண்டாம் பாகம். வேற்றுக்கிரக அரசன் ஒருவன் பல்லக்கில் இறங்குகிறான். மூலத்தில் அது எங்கோ நடந்த முடிசூட்டு விழாவின் கேலி. நம் ஆள் எவனுக்கும் புரியாது. நான் கல்யாண மண்டப மைக்கைக் கொண்டுவந்தேன்: "மணமகன் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டாம் என்று பெண் வீட்டார் சார்பாகக் கேட்டுக்கொள்கிறோம்."

எழுதி முடிக்க நாலு நிமிடம் ஆனது. மெர்லின் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இதற்குச் சிரிக்கிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. இந்த ஜனங்களுக்கா நான் ஒரு காலத்தில் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினேன்?

ரோபோவுக்குத் 'தகரம்' என்று பெயர் வைத்தேன். அதற்கும் சிரித்தாள்.

மோட்டார் ஓடவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்கிறான். மூன்று நாளாக வந்துகொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 13, திங்கள்

ஏழாம் பாகம். மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது: தகரம் பழையதாகிவிட்டது, பிரித்துப் போட வேண்டும். பிரிப்பதற்கு முந்தின நாள் தகரம் ஒரு மேஜையில் படுத்திருக்கிறது. அதிகாரி பார்க்க வருகிறான். தகரம் உருக்கமாக ஒரு வசனம் பேசுகிறது. மூலத்தில் அது அவர்கள் ஊரின் பழைய அழுகைப் படத்து வசனமாம். அங்கே எல்லோருக்கும் மனப்பாடமாம்.

"இதுக்கு நம்மகிட்ட ரெடியா ஒண்ணு இருக்கு சார்" என்றாள் மெர்லின். "கரண்ட் போனா எல்லாரும் போடுவாங்களே, அது."

"எது?"

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, குரலை நடுங்க வைத்துச் சொன்னாள். "விளக்கை அணைச்சிட்டுப் போ தம்பி. நான் இருட்டுக்குப் பழகிக்கிறேன்."

ஒலிப்பதிவு செய்கிற பையன்கள் இரண்டு பேரும் அவளோடு சேர்ந்து கடைசி வார்த்தைகளைச் சொன்னார்கள். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் வந்த 'ஆறாம் நாள் மழை' என்ற படத்து வசனம். படம் பதினோரு நாள் ஓடியது. அதோடு செத்துப்போயிருக்க வேண்டியது. டிவிக்காரர்கள் மத்தியான வேளைகளில் போட்டுப் போட்டு உயிரோடு வைத்திருந்தார்கள். அப்புறம் எவனோ வேலையற்றவன் அந்த ஆஸ்பத்திரிக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்தான். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எங்கே மின்சாரம் போனாலும் அண்ணன்காரன் போன் போனாகப் படுத்துக்கொண்டு இதைச் சொல்கிறான். பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். ஒரு கல்யாணப் பேனரில்கூடப் பார்த்தேன், மாப்பிள்ளை படத்துக்குக் கீழே.

"யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் பேசக் கூடாது என்றார் டாக்டர். நல்லது.

பிப்ரவரி 17, வெள்ளி

மாற்றாக ஆறு வசனம் எழுதிக் கொண்டுபோனேன். பஸ் கண்டக்டர் ஒன்று, ரேஷன் கடை ஒன்று, சீரியல் மாமியார் இரண்டு, தேர்தல் ஆட்டோ ஒன்று, சாமியார் ஒன்று. மெர்லின் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்த விளக்கு அளவுக்கு வராது. யாருக்கும் தெரியாத வசனத்தைக் கிண்டல் பண்ண முடியாதுல்ல? கேட்ட உடனே தெரியணும்."

"அது ரொம்ப மட்டமான வசனம்மா."

"மட்டம்னா எப்படி சார் இத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?"

தண்ணீர் குடித்தேன். பல் இருந்த இடத்தில் பட்டுக் கூசியது.

அந்த வசனத்தை எழுதியவன் நான்தான். இதை எங்கேயாவது ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றால் அது இந்த நோட்டுதான். படத்தில் வசனம் என்று டைரக்டர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். 'வசன உதவி' என்று நான்கு பெயர் ஓடும். அதில் மூன்றாவது நான். முப்பது வருடத்தில் நாற்பத்தோரு படத்துக்கு எழுதியிருக்கிறேன். அதில் இந்த ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது இந்த ஒற்றை வரியை. அதுவும் சிரிப்பதற்கு.

மெர்லினிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வாள்.

பிப்ரவரி 20, திங்கள்

ஏழாம் பாகத்தின் அந்தக் காட்சியை இன்று ஒன்பது தடவை பார்த்தேன். உதட்டசைவுக்கு வசனம் பொருந்த வேண்டும், அதற்காக.

'ஆறாம் நாள் மழை'யில் அண்ணன் அந்த வரியைச் சொன்னதும் தம்பி கட்டிலில் விழுந்து அண்ணன் காலைக் கட்டிக்கொள்வான். விளக்கை அணைக்கவே மாட்டான். விடிய விடிய அங்கேயே கிடப்பான். பின்னால் வயலின்.

இந்தக் கார்ட்டூனில் அப்படி இல்லை. தகரம் உருகி உருகிப் பேசி முடிக்கிறது. அதிகாரி ஒரு தடவை தலையை ஆட்டுகிறான். ஸ்விட்சைத் தட்டுகிறான். சீட்டியடித்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுகிறான். திரை முழுக்க இருட்டு. தகரத்தின் இரண்டு பச்சைக் கண் மட்டும் தெரிகிறது. பதினோரு வினாடி.

இதை எழுதினவன் மனிதனே இல்லை.

பிளம்பர் வந்தான். மோட்டாரில் பல்லி.

பிப்ரவரி 21, செவ்வாய்

வடிவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"யாரு வேணும்னாலும் கிண்டல் பண்ணட்டும். நீங்க உங்க கையால எழுதப் போறியளா?" என்றாள். பிறகு சொன்னாள்: "அதுக்கு முன்னால மதினிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

நான் எழுதாவிட்டால் வேறு ஒருவன் எழுதப்போகிறான். அவனுக்குப் பிழையில்லாமல் எழுதவும் தெரியாது. இதில் மதினிக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

வடிவு சொல்வதன் பொருளை இங்கே குறித்து வைக்கிறேன். அந்த வரி என் கற்பனை இல்லை. என் அண்ணன் உலகநாதன் சொன்னது. தொண்ணூற்றிரண்டில் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவனுக்கு நாற்பது வயது. எனக்கு முப்பத்தொன்று. நான் பக்கத்தில் இருந்தேன். மூன்று வருடம் கழித்து டைரக்டர் சாவுக்காட்சிக்கு ஏதாவது புதுசாக வேண்டும் என்று கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். எழுத்தாளன் செய்கிற காரியம்தான் இது. உலகத்தில் எல்லோரும் செய்வது.

படம் வந்ததிலிருந்து ஆவுடையம்மாள் மதினி என்னோடு பேசுவதில்லை. புருஷன் கடைசியாகச் சொன்னதை விற்றுவிட்டேன் என்று கோபம். அவர் மகள் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கு அன்று வேலை இருந்தது.

பிப்ரவரி 24, வெள்ளி

தகரத்துக்குக் குரல் கொடுப்பவர் குமரகுரு. ஐம்பது வயது. இருபது வருடமாக டப்பிங் படங்களில் அடியாட்களுக்குக் குரல் கொடுத்தவர். மைக்குக்கு முன்னால் நின்று இரண்டு தடவை செருமினார். பிறகு அந்த வசனத்தைச் சொன்னார். அசல் நடிகரின் மூச்சிரைப்பு, இழுவை, 'தம்பி'யில் வருகிற உடைசல் எல்லாம் அப்படியே. அதன் மேல் ஒரு தகரச் சத்தம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அந்தப் பதினோரு வினாடி. மூலத்தில் இருட்டுக்குள் தகரம் ஏதோ மெத்தை விளம்பரத்தைப் பாடுகிறது. அதை நம் ஊருக்கு மாற்றவே முடியவில்லை. "என்ன சார் பண்ணலாம்?" என்றாள் மெர்லின். பின் பக்கம் வெற்றாக இருந்த ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்.

குமரகுரு பேசினார். இருட்டு. இரண்டு பச்சைக் கண். நாலு வினாடி சத்தமே இல்லை.

"...போயிட்டானா?"

இன்னும் மூன்று வினாடி.

"நெசமாவே அணைச்சிட்டுப் போயிட்டானே!"

மெர்லின் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமரகுருவாலேயே இரண்டாவது டேக் பேச முடியவில்லை.

"எப்படி சார் இது தோணுச்சு? இத்தனை வருஷம் எல்லாரும் அந்த வசனத்தை ஓட்டியிருக்காங்க. அந்தத் தம்பி நெசமாவே போயிட்டா என்ன ஆகும்னு ஒருத்தனும் யோசிக்கலை."

"அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல" என்றேன்.

பாளையங்கோட்டையில் அண்ணன் அதைச் சொன்ன அன்று, சென்னைக்கு ரயில் ஆறே முக்கால் மணிக்கு. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு கதை விவாதம். போகாவிட்டால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். விளக்கை அணைத்தேன். பையை எடுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் தந்தி வந்தது.

மார்ச் 2, வியாழன்

பதிமூன்று பாகமும் முடிந்தது. மெர்லின் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். எனக்கு ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிகிறது.

மார்ச் 9, வியாழன்

முன்னோட்டம் வெளியாகியிருக்கிறது. வேறு எதையும் போடவில்லை, இருட்டுக் காட்சியைத்தான் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து எட்டுப் பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். மருந்துக் கடையில் பில் போடுகிற பெண் போனை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் இரண்டு காலேஜ் பையன்கள், "நெசமாவே அணைச்சிட்டுப் போயிட்டானே!" என்று ஒருவன் முதுகில் ஒருவன் தட்டிக்கொண்டு போகிறார்கள்.

கடைசியில் 'தமிழ் வசனம்: சிவசைலம்' என்று பெரிய எழுத்தில் என் பெயர் வருகிறது. நாற்பத்தோரு படத்தில் வராத அளவு எழுத்து. மூதேவிகள், இதற்குப் போட்டிருக்கிறார்கள்.

மார்ச் 11, சனி

செண்பகம் போன் செய்தாள். என் நம்பரை வடிவிடம் வாங்கியிருக்கிறாள். குரல் அச்சாக மதினி குரல்.

"சித்தப்பா, அம்மா அந்தக் கார்ட்டூனப் பாத்துட்டா. ஒங்க பேரையும் பாத்துட்டா. ஒங்களை வரச் சொல்லுதா."

"என்னம்மா சொன்னாவ? கோபமா இருக்காவளா?"

"ஒண்ணும் சொல்லல. வரச் சொல்லுன்னா, அம்புட்டுத்தான்."

போக முடியாது என்பதற்குக் காரணங்களைச் சாயங்காலம் வரை தேடினேன். எழுத்தாளனுக்கு ஒன்றுகூடத் தோன்றவில்லை. டிக்கெட் போட்டாயிற்று.

மார்ச் 13, திங்கள்

திருநெல்வேலி. மதினி மகளோடு இருக்கிறார், பெருமாள்புரத்தில். நான் போனபோது மதியம் பன்னிரண்டு மணி. செண்பகம் வேலைக்குப் போயிருந்தாள். மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க. பல்லு வலின்னு வடிவு சொன்னாளே, என்ன ஆச்சு?"

"பிடுங்கிட்டாங்க மதினி."

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். நான் ரயிலில் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அண்ணன் வாயில் கடைசியாக வந்த வார்த்தையை எடுத்துச் சினிமாவில் போட்டது தப்பு, இப்போது அதைக் கார்ட்டூனில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று. நன்றாகவே எழுதியிருந்தேன். பாதியில் மதினி நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த வார்த்தை?"

"விளக்கை அணைச்சிட்டுப் போன்னு..."

"அதா?" கையிலிருந்த காம்பைப் போட்டார். "டியூப்லைட்டு கண்ணுக்கு நேரா அடிக்கி, தூங்க முடியலன்னு தெனமும்தான் அணைக்கச் சொல்லுவாவ. நர்சம்மாகிட்டச் சொல்லுவாவ, கூட்டுதவகிட்டச் சொல்லுவாவ. இருட்டுக்குப் பழகிட்டேன்னா, தண்ணிச் செம்பு எங்க இருக்குன்னு தடவித் தெரிஞ்சுக்கிட்டாவன்னு அர்த்தம். வேற என்ன?"

முப்பத்தொரு வருடமாக நான் வெட்கப்பட்டதும், தமிழ்நாடே மனப்பாடம் செய்ததும் ஒரு டியூப்லைட் புகார்.

"அப்ப எதுக்கு மதினி என்கூடப் பேசாம இருந்திய?"

மதினி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"படம் வந்த அன்னைக்குத் தெருவுல ஏழு பேரைக் கூட்டிட்டுப் போனேன், எங்க கொழுந்தனார் எழுதின படம்னு. ஆஸ்பத்திரி வந்துச்சு. கட்டில் வந்துச்சு. உங்க அண்ணன் வந்தாவ. நீங்க வந்திய. நான் வருவேன் வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். படமே முடிஞ்சு போச்சு."

நான் தரையைப் பார்த்தேன்.

"எட்டு மாசம் அந்த ஆஸ்பத்திரியில பீ மூத்திரம் அள்ளினவ நான். நீங்க வந்தது மூணு தடவை. அவியளுக்குக் கல்யாணமே ஆகலைன்னு எழுதியிருந்திய. கூட வந்தவ ஒருத்தி கேக்கா, 'ஏன் ஆவுடை, ஒன்னய ஏன் போடல?'ன்னு. நான் என்னன்னு சொல்ல?"

டைரக்டர் அண்ணன் தம்பிப் பாசம் மட்டும் போதும், பெண் பாத்திரம் வந்தால் இழுக்கும் என்றார். நான் தலையாட்டினேன். மனைவி வருகிற இடத்தில் அடித்தது ஒரே ஒரு கோடு. அன்றைக்கு அதில் எனக்கு உறுத்தல்கூட இல்லை.

"நான் எழுதினதுல மட்டமானது அதுதான் மதினி" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஆமா" என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு போனை எடுத்து அந்த முன்னோட்டத்தைப் போட்டார். தகரம் கெஞ்சியது. அதிகாரி ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போனான். இருட்டில் இரண்டு பச்சைக் கண். மதினி வாயை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எத்தனையாவது தடவையோ, தெரியவில்லை.

"இதுதான் நெசம். வெந்நி புடிச்சிட்டு நான் மேல வாரேன், ரூம்பு இருட்டாக் கெடக்கு, நீங்க இல்ல. 'எங்க ஒங்க தம்பி?'ன்னேன். 'நெசமாவே போயிட்டான்'னாவ. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"சிரிச்சியளா?"

"பின்ன? ஒரு ஆரஞ்சு உரிச்சு வச்சிருந்தேன் ஒங்களுக்கு. அதைத் திங்காமப் போயிட்டியளேன்னு சிரிச்சோம்."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தபடியே மதினி பேசினார், யாருக்கோ சொல்வது போல.

"விடியக்காலம் முழிச்சாவ. பேச்சு கொழறிப் போச்சு. குனிஞ்சு கேட்டேன். 'இன்னைக்கு முகூர்த்த நாளாச்சே, ரயில்ல கூட்டமா இருந்திருக்கும். அவனுக்கு உக்கார எடம் கெடைச்சிருக்குமா?'ன்னாவ. கெடைச்சிருக்கும், பேசாமப் படுங்கன்னேன். அதுக்கப்புறம் பேசல."

இரண்டு தட்டோடு வந்து வாசலில் நின்றார்.

"கெடைச்சுதா தம்பி?"

"கெடைச்சுது மதினி" என்றேன். "ஜன்னல் ஓரம்."